அக்காவுக்கு ஊசி போடத் தெரியாது

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அதே ரோதனை. வீடு தேடி நர்ஸ் அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. எந்த நர்ஸ், எந்த வீட்டில், என்ன வேலை செய்கிறாள் என்ற மூன்றும் கம்ப்யூட்டரில் ஒரே டேபிளில் ஒரே வரியாக இருக்கின்றன. நான் அமைத்தது. அது மேலாளரின் கண்ணை உறுத்துகிறது. எதைப் பார்த்தாலும் "சுத்தமா இல்லையே" என்பார், அதனால் எங்களுக்கு அவர் சுத்தம் சார். ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் ஐந்தாம் நார்மல் ஃபார்ம்தான், டேபிளை உடைக்கிற சாஸ்திரம்.

"ஒரே விஷயத்தை எதுக்கும்மா திரும்பத் திரும்ப எழுதணும்? மூணா உடைச்சிடு."

யார் எந்த வீட்டுக்குப் போகிறார்கள், யாருக்கு என்ன வேலை தெரியும், எந்த வீட்டில் என்ன வேலை தேவை. மூன்று குட்டி டேபிள். வேண்டும்போது சேர்த்துக்கொள்ளலாமாம். சேர்த்தால் பழையது பழையபடி வருமா? அதுதானே கேள்வி!

மார்ச் 5

அக்காவையே உதாரணம் காட்டினேன். அவளும் இங்கேதான் நர்ஸ்.

"எங்கக்கா ஒரு பெரியவர் வீட்டுக்குப் போறது கால் புண்ணுக்குக் கட்டுப் போட. அவளுக்கு இன்சுலின் ஊசியும் போடத் தெரியும், ஆனா போடறது வேற வீட்டுல. பெரியவருக்கும் ஊசி உண்டு, அதைக் காலையில வேற நர்ஸ் வந்து போடறாங்க. மூணும் உண்மை சார். மூணையும் சேர்த்தா, எங்கக்காதான் பெரியவருக்கு ஊசி போடணும்னு ஒரு வரி வந்து நிக்கும். அது பொய்."

சுத்தம் சார் சாம்பிளுக்குக் கொஞ்சம் வரிகளை எடுத்து, உடைத்து, சேர்த்துக் காட்டினார். அச்சுப் பிசகாமல் வந்தது. வராமல் என்ன செய்யும்? போகிற எல்லாரும் எல்லா வேலையும் செய்கிற வீடுகளாகப் பொறுக்கி எடுத்திருந்தாரே!

"சும்மா பயப்படாதே" என்றார். பயமா? எரிச்சல் சார், எரிச்சல்.

மார்ச் 16

உடைத்தாகிவிட்டது. கேக் வெட்டினார்கள். நான் தொடவில்லை — தொட்டேன். பசி.

மார்ச் 19

எழுதினால்தான் மனசு ஆறும்.

அக்காவின் போனுக்கு வரும் வேலைப் பட்டியலில் இன்று பெரியவர் வீட்டுக்குக் கட்டோடு ஊசியும் சேர்ந்து வந்திருக்கிறது. சந்தேகப்பட்டு ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறாள். போன் எடுக்கிற பெண், "சிஸ்டத்துல இருக்குல்லக்கா, போட்டுடுங்க" என்றிருக்கிறாள். பெரியவருக்கு மறதி. காலையில் போட்டதைச் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்ட கையோடு பார்த்ததில் சர்க்கரையும் ஏறித்தான் இருந்தது. அக்கா போட்டுவிட்டாள். அது இரண்டாவது ஊசி.

மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள்.

சுத்தம் சார் ஓடி வந்தார். "அந்த வரியை எடு, உடனே எடு!" எங்கே இருக்கிறது எடுக்க? அது எந்த டேபிளிலும் இல்லை. சேர்க்கும்போது பிறக்கிறது. அந்தப் பொய்யைப் போக்க மூன்று உண்மைகளில் ஒன்றை அழிக்க வேண்டும்.

"உங்கக்காவுக்கு ஊசி தெரியும்னு இருக்குல்ல, அதை எடுத்துடு. இப்போதைக்கு."

அழித்தேன். விட்டால் அடுத்த தடவையும் வருமே! அக்காவிடம் சொல்லவில்லை. வந்ததிலிருந்து கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் போய் இதை எப்படிச் சொல்ல? ரெண்டு நாளில் திரும்பப் போட்டுவிடலாம்.

மார்ச் 24

விசாரணை. சுத்தம் சார் திரையில் டேபிளைக் காட்டினார். "ஊசி போடத் தெரியும்னு இவங்களுக்குப் பதிவே இல்ல. இவங்களாவே போட்டிருக்காங்க."

அடப்பாவி!

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்துவிட்டேன். "அழிச்சது நான். சம்பவம் நடந்த பிறகு. இவர் சொல்லி."

"நான் சொன்னேனா? எப்போம்மா சொன்னேன்?"

வாயால் சொன்னதற்கு என்ன ஆதாரத்தைக் காட்டுவது? அழித்ததற்கு மட்டும் இருக்கிறது, என் லாகின். போன் எடுக்கிற பெண் மட்டும் மெல்ல, "அவங்க கேட்டாங்க சார், நான்தான் போடச் சொன்னேன்" என்றாள். நல்லா இருக்கட்டும் அந்தப் பெண்.

மார்ச் 25

வேலை போயிற்று. எனக்கு. அக்காவுக்கு இன்னும் முடிவு சொல்லவில்லை.

"அழிச்ச அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்றாள். அதன் பிறகு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே சமையலறை, வாய் திறப்பதில்லை.

ஏப்ரல் 8

போன் எடுக்கிற பெண் பேசினாள். மறுபடி ஒரே டேபிளாக்கிவிட்டார்களாம். சுத்தம் சார்தான் கூட்டத்தில் விளக்கினாராம். "ஒரு நர்ஸ், ஒரு பெரியவர். மூணும் உண்மை, சேர்த்தா பொய்." கைதட்டினார்களாம். தட்டட்டும்! என் வாயிலிருந்து வந்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறார் மனுஷர்.

ஏப்ரல் 20

அக்காவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். குளிப்பாட்ட, கட்டுப் போட மட்டும். மறுபடி ஒரே டேபிளாக்கியபோதும், யாருக்கு என்ன தெரியும் என்ற டேபிள் மட்டும் தனியாகவே நிற்கிறது, அதை யாரும் தொடவில்லை, நான் அழித்தது அழித்தபடியே கிடக்கிறது. அக்கா கேட்டதற்கு, "பதிவுல இல்லையேக்கா, புதுசா பரீட்சை எழுதணுமாம்" என்று பதில் வந்திருக்கிறது. இத்தனை வருஷ நர்ஸுக்கு! ஒரு வரி. நான் உள்ளே போனால் ஒரு நிமிஷ வேலை. என் லாகினைத்தான் மூடிவிட்டார்களே.

ஏப்ரல் 27

உடம்பு அசதிக்கு டாக்டர் வைட்டமின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தார். அலமாரியிலேயே கிடந்தது. இன்று காலை அக்கா தானாகவே எடுத்து வந்து, "கையைக் காட்டு" என்றாள். போட்டதே தெரியவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"வெளிய சொல்லிடாதடி. எனக்கு ஊசி போடத் தெரியாதாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.