இரண்டாவது சேர்வர்

12.02.2008, செவ்வாய்

சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் அலுவலகத் தலைவர் முனாப் சேர் எல்லோரையும் கூப்பிட்டு றமீலாவின் கோடிங்கைத் திரையில் காட்டினார். விமானச் சீட்டு விற்கும் இணையத்தளத்தில் ஆசனம் தெரிவுசெய்யும் பகுதி அவளுடையது. "வாசிச்சுப் பாருங்க, கதை படிக்கிற மாதிரி ஈக்கிது" என்றார்.

இந்த அலுவலகம் கண்டியில் தொடங்கிய நாளிலிருந்து நான் இருக்கிறேன். என் கோடிங்கை யாரும் கதை மாதிரிப் படித்ததில்லை. அவள் போன வருடம் வந்தவள். கலகெதரவிலிருந்து தினமும் நெரிசல் பஸ்ஸில் வந்திறங்குகிறாள், உடுப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

20.02.2008, புதன்

சிங்கப்பூர் வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கு எங்களில் ஒருவரை அனுப்பப்போகிறார்களாம். சேர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சேர்வர் கணினிகளைப் பார்க்கும் றிஸ்விதான் தேநீர் குடிக்கும்போது சொன்னான். "றமீலாக்குத்தான் போல. மங்களேஸ் அக்கா, உங்களுக்கு பாஸ்போட், பொலிஸ் கிளியரன்ஸ் எண்டு கரைச்சல்தானே."

அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தால் கரைச்சல். நான் கரைச்சல்! அல்லது, அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்பதாலா? எது என்று யாராவது சொன்னால்கூட நிம்மதி.

21.02.2008

அவள் சிரிப்பும் வடிவாகத்தான் இருக்கிறது. சனியன்.

10.03.2008, திங்கள்

ஒன்று கண்டுபிடித்தேன். சரிதானா என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சீட்டு வாங்க வருபவர் யார், எந்த ஆசனத்தைத் தெரிவுசெய்தார் என்பதையெல்லாம் சேர்வர் தன் நினைவில் வைத்திருக்கிறது. அதுதான் செஷன். சேர்வர் நின்றால் அந்த நினைவும் போய்விடும். வாங்க வந்தவர் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதனால்தான் இரண்டாவது சேர்வர் ஒன்று வரப்போகிறது. ஒன்று நின்றால் மற்றது அப்படியே தொடரும். ஆனால் செஷனில் வைக்கும் பொருளைப் பைட்டுகளாக மாற்றினால்தான் மற்ற சேர்வருக்கு அனுப்பலாம். அப்படி மாற்றலாம் என்பதற்கு ஜாவா கணினி மொழியில் 'சீரியலைசபிள்' என்று எழுதவேண்டும்.

றமீலா 'பயணம்' என்ற பொருளுக்கு எழுதியிருக்கிறாள். அதற்குள் இருக்கும் 'ஆசன'த்துக்கு எழுதவில்லை. உள்ளே இருக்கும் ஒன்று போகாவிட்டால் முழுவதுமே போகாது. ஒரே சேர்வரில் ஓடும்வரை இது யார் கண்ணிலும் படாது.

என் கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை சிங்கப்பூர்க்காரர் நேரில் பார்க்க வருகிறார்.

நான் வாய் திறக்கவில்லை.

11.03.2008

றமீலா தன் உம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கில் பாதியை என் தட்டில் வைத்தாள். தின்றேன். தின்றுகொண்டே, இன்றைக்கும் சொல்லவில்லை.

13.03.2008, வியாழன்

புதுச் சேர்வர் பின்னேரம்தான் கொழும்பிலிருந்து வந்தது. றிஸ்வி அவசர அவசரமாகப் பூட்டி இணைத்தான். சோதித்துப் பார்க்க நேரமில்லை. நாளைக்கு வாடிக்கையாளர் முன்னால் ஒரு சேர்வரை நிறுத்தி டெமோ காட்டப்போகிறார்கள்.

எல்லோருக்கும் முன்னால் அவள் விழுவதைப் பார்க்க எனக்கு ஆசை. ஓம், ஆசைதான். என்ன மனுசி நான்?

14.03.2008, வெள்ளி

காலையில் பஸ்ஸை மறித்துச் சோதனை. வடக்கு அடையாள அட்டைக்காரரை எல்லாம் இறக்கி பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். விறாந்தையில் ஒரு நீள வாங்கில் இருத்தினார்கள். எந்த ஊர், ஏன் கண்டியில், யார் தெரியும் — அதே கேள்விகள். சேருக்கு ஒருமாதிரி போன் எடுத்தேன்.

வந்தது றமீலா.

நேரே இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சிங்களத்தில் கதைத்தாள். நான் தங்களுடைய கம்பனியில் வேலை செய்பவள், எனக்குத் தான் பொறுப்பு என்றாள். கொஞ்சம் இருக்கச் சொன்னார்கள். என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"பயந்திட்டீங்களா அக்கா? கொழும்புக்குக் கேட்டுட்டு விட்டுருவாங்களாம்."

"டெமோ?"

"றிஸ்வி காட்டுவான். அது ஓடும்தானே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஓடாது. ஆசனத்துக்கு சீரியலைசபிள் போடேல்ல நீர்."

யோசித்தாள். முகம் மாறியது. "எப்ப கண்டீங்க?"

"திங்கக்கிழமை."

என்னையே பார்த்தாள். பிறகு எழும்பிப் போய் முற்றத்தில் நின்று போனில் கதைத்தாள். "ஆசனம் கிளாஸ், றிஸ்வி. ஓ, அந்த ஒரு சொல்லுதான். போட்டுட்டு ரெண்டு சேர்வரையும் திருப்பி ஓட்டுங்க."

அப்படியே அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். திரும்பி வந்து அதே வாங்கில் இருந்தாள். என்னை விடும்வரை இருந்தாள்.

17.03.2008, திங்கள்

வெள்ளிக்கிழமை எல்லாம் நன்றாக ஓடியதாம். ஆசனம் தெரிவுசெய்த பிறகு முதல் சேர்வரை நிறுத்தினார்களாம். இரண்டாவதில் அந்த ஆசனம் அப்படியே இருந்ததாம். சிங்கப்பூர் அவளுக்கே.

என்னோடு வேலை விசயம் மட்டும் கதைக்கிறாள். மரியாதையாக. அதுதான் தாங்க ஏலாமல் இருக்கு.

26.03.2008

மன்னிப்புக் கேட்கப் போனேன். "வேலையப் பாப்போம் அக்கா" என்றாள்.

02.05.2008, வெள்ளி

றமீலா நேற்றுப் பறந்துவிட்டாள்.

இன்று சேர் என்னைக் கூப்பிட்டார். டெமோ அன்று கடைசி நேரத்தில் ஒரு பிழையைத் திருத்தியதை றிஸ்வி சொல்ல, அதைக் கண்டது யார் என்று சிங்கப்பூர்க்காரர் அன்றே கேட்டாராம். றமீலா பிறகு அவரோடு போனில் கதைத்தபோது, "மங்களேஸ்வரி அக்காதான் கண்டவங்க. அவங்க செல்லாட்டி அண்டைக்கு எல்லாம் விழுந்தீக்கும்" என்றாளாம். இனி யாருடைய கோடிங்கும் என் பார்வைக்கு வராமல் வெளியே போகக்கூடாது என்று சேர் சொல்லிவிட்டார்.

எப்போது கண்டேன் என்பதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் சேரிடம் சொல்லியிருப்பேன், றிஸ்வியிடம் சொல்லியிருப்பேன், எல்லோரிடமும் சொல்லியிருப்பேன். அவளால் எப்படி முடிந்தது? இதற்கும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.

யன்னல் பக்கம் அவள் இருந்த கதிரை சும்மாதானே கிடக்கிறது, அங்கே மாறி இருங்கள் என்றார் சேர்.

"வேண்டாம் சேர்" என்றேன். "அவ வந்து இருக்கட்டும்."