மடைப்பள்ளியின் அமைதி குறித்து விறல்வேள் விடுத்த ஓலை

மழை பிழையாது பொழிக; களஞ்சியம் நிறைக. ஆழிமலை நாடுடையோன், மும்முரசு முழங்கும் வாயிலோன், கொற்றவேல் விறல்வேள் ஆகிய நாம், வடவெல்லைப் பாசறையிலிருந்து, தலைநகர் காக்கும் பேரமைச்சர் தாமக்கோனாருக்கு எழுதுவித்த ஓலை. உமக்கும் உம் மனையோர்க்கும் நகரத்து மாந்தர் யாவர்க்கும் நலம் உண்டாகுக. இங்குப் படை நலம், பகைவரும் அடங்கியிருக்கின்றனர். நமக்குத்தான் தலை சுற்றுகிறது, அமைச்சரே. போரால் அன்று, அடுப்படியால்.

நம் அரண்மனை மடைப்பள்ளியில் சோறு வடிக்கும் அல்லியங்கோதை என்பாள் நேற்றுப் பாசறை வாயிலில் வந்து நின்றாள். முழங்கை வரை தோல் வெந்திருந்தது. சோறு குழைந்ததென்று தன் கைமேல் மடைப்பள்ளித் தலைவன் வெண்கூத்தன் கொதிகஞ்சியை ஊற்றினான் என்றும், அவனிடம் கரண்டியடி வாங்காத தோள் அங்கே இல்லை என்றும் விண்ணப்பித்தாள். தனக்குத் தன் அடுப்பு வேண்டும், அடிதான் வேண்டாம் என்றாள். அவனிடமே திருப்பி அனுப்பினால் மறுகையும் போய்விடும் என்று அழுதாள்.

கேட்டு நாம் திருதிருவென்று விழித்தோம். சென்ற தை விழாவில் நாமே மடைப்பள்ளிக்குச் சென்றோமே! வழியில் படைக்கொட்டிலில் வசை, தச்சர் சாலையில் கைகலப்பு. மடைப்பள்ளியிலோ பாத்திரச் சத்தமன்றிக் குரலே எழவில்லை. பணியாளரை இவ்வளவு அன்பாக நடத்துவோன் வேறு எவன் என்று வியந்து, வெண்கூத்தனுக்குப் பட்டாடை போர்த்தி, ‘அமைதி காத்தான்’ என்று பட்டமும் சூட்டினோம். ஐயையோ! இவள் பொய் சொல்கிறாளா, நம் கண் பொய் சொல்லிற்றா?

அவளிடமே வினவினோம். அவள் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்து, அரசர் உணவில் மூச்சுப் படலாகாதென்று அங்கே எல்லார் வாயும் துணியால் கட்டியிருப்பதை அரசர் காணவில்லையோ என்று பணிவுடன் கேட்டாள். கண்டோம், அமைச்சரே. நம் முன்னோர் வழக்கம் ஆயிற்றே! அடிபட்டவரும் அதே துணிக்குள்தான் கத்தவேண்டும் என்பது நம் புத்திக்கு எட்டவில்லை. அத்தனை கைப்பக்குவம் உள்ளவனுக்கு இத்தனை ஆத்திரம் எதற்கு என்பதும் இன்னும் விளங்கவில்லை.

விளங்கும்வரை காத்திருக்க மனம் ஒப்பவில்லை. எனவே, விசாரணை முடியும்வரை வெண்கூத்தன் மடைப்பள்ளியில் கால் வைக்கலாகாது. பணியாளரைத் தனித்தனியே, அவன் காதுக்கு எட்டாத இடத்தில் வைத்து நீரே கேளும். ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள், மறுநாளும் கேளும். உண்மை சொன்னதற்காக எவர் வேலையும் போகலாகாது. அல்லியங்கோதை மருத்துவரோடு பல்லக்கில் வருகிறாள். கை ஆறியதும் அவள் அடுப்பு அவளுக்கே. வாய்த்துணியை இன்றே அவிழ்த்தெறியச் சொல்லும். புரோகிதர் பதறினால் நம்மிடம் அனுப்பும்.

இங்கே பாசறை அடுப்படியிலும் சற்றுமுன் அவிழ்க்கச் சொன்னோம். அவிழ்த்ததும் ஒரு சமையற்காரன் தேம்பி அழத் தொடங்கினான். யார் என்ன செய்தார் என்று கேட்டோம். இன்னும் வாய் திறக்கவில்லை. இவ்வோலையை அவன் பக்கத்தில், அடுப்படித் தரையில் அமர்ந்தபடியே சொல்லி எழுதுவிக்கிறோம். அவன் சொல்லும்வரை நாம் எழுவதாக இல்லை.

யாளி முத்திரை இட்டோம். இது நம் ஆணை, இவ்வண்ணமே நடத்துக.