பிஸ்கற் தூள்

இன்று காலை கட்டிலில் இருந்தபடியே ஒரு பிஸ்கற்றைக் கடித்தேன். தூள் போர்வையில் விழுந்தது. அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். உங்களுக்குத்தான் எழுத வேண்டும், அண்ணை.

லண்டனில், மிச்சம் என்ற இடத்தில், ஒரு கடைக்கு மேலே உங்கள் அறை. ஒரு கட்டில், இரண்டு பேர்: நீங்களும் உங்கள் அறைக் கூட்டாளியும். நீங்கள் பெற்றோல் அடிக்கும் செற்றில் இரவு ஷிப்ட். அவர் ஓர் உணவகச் சமையலறையில் பகல் ஷிப்ட். எண்பதுகளில் எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் படுத்தார்கள். காலையில் நீங்கள் சப்பாத்தைக் கழற்றும்போது அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருப்பார். பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் தேத்தண்ணிக்காக ஏறிவரும் நான் வாசலில் நிற்பேன். அவர் சொல்லுவார்:

"அண்ணை, கட்டிலைச் சூடாக்கி வச்சிருக்கிறன். உதறிப்போட்டுப் படுங்கோ, பிஸ்கற் தூள் கிடக்கும்."

"டேய், இது கட்டிலோ பேக்கரியோ?"

ஒவ்வொரு நாளும் இதே பேச்சு. இதே சிரிப்பு.

பழஞ்சாமான் கடையில் வாங்கிய கிற்றார் உங்களுடையது. சுருதியை ஏற்ற, அதன் கழுத்தில் ஒரு பென்சிலை வைத்து ரப்பர் வளையத்தால் இறுக்குவீர்கள். பெற்றோல் செற் ரேடியோவில் அமெரிக்க லொறிக்காரர்களின் பாட்டுகளைக் கேட்டு, அந்த நடையிலேயே தமிழில் பாட்டுக் கட்டினீர்கள். மோர்டனில் ஒரு கல்யாணத்தில் இரண்டாவது பாட்டோடு உங்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். "தம்பி, பொம்பிளை மாப்பிளைக்கு முன்னால இதென்ன செத்தவீட்டுப் பாட்டு?" பஸ்ஸில் வரும்போது சொன்னீர்கள்: "செத்தவீட்டில பாடியிருந்தா கலியாணப் பாட்டெண்டு சொல்லியிருப்பினம்."

பிறகு உங்கள் கூட்டாளியின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தார். கட்டில் முழுவதும் உங்களுக்கு. உங்களுக்கு நித்திரை வரவில்லை. அந்த நாட்களில்தான் 'கட்டில் ஆறவில்லை' என்ற பாட்டைக் கட்டினீர்கள். பல்லவியின் கடைசி வரி அவர் சொன்னதேதான். உதறிப்போட்டுப் படுங்கோ, பிஸ்கற் தூள் கிடக்கும்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு பப்பின் மேல்மாடியில் நாட்டுப்பாடல்காரர்கள் கூடுவார்கள். ஆளுக்கொரு பாட்டு. உங்கள் முறை வந்தபோது, வெள்ளைக்காரர்கள் பொருள் தெரியாமலே பல்லவியைச் சேர்ந்து பாடினார்கள். ஒருவர் அதைத் தன் கசெற்றில் போட விரும்பினார். ஆங்கிலத்தில்.

"நீர் படிக்கிறனீர். மாத்தித் தாரும்."

இரண்டு வாரம் எடுத்தேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. எல்லாவற்றுக்கும் ஓர் அழகு வேண்டும் எனக்கு. பிஸ்கற் தூளைப் பனியாக்கினேன். போர்வையின் மேல் பனி பெய்தது.

வாசித்துக் காட்டினேன். நீங்கள் கிற்றாரை மடியில் கிடத்தினீர்கள்.

"ஐசே, பிஸ்கற் எங்கை?"

"அது இங்கிலீசில நிக்காது அண்ணை. சனம் சிரிக்கும்."

"சிரிச்சா என்ன? அவனும் சிரிச்சுத்தானே சொன்னவன்."

"கவிதை எண்டா கொஞ்சம் தள்ளி நிக்கவேணும்."

நீங்கள் பென்சிலைச் சரிசெய்தீர்கள். "சரி. நீர் படிச்சனீர்."

எதிர்த்து நீங்கள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

கசெற் வந்தது. முதல் பிரதியைக் கனடாவுக்கு அனுப்பினீர்கள். பதில் வரவில்லை. "கடிதம் ஒண்டும் வரேல்லை" என்று ஒரு மாதம் சொன்னீர்கள். பிறகு சொல்லவில்லை. கசெற்காரர் இன்னொரு பாட்டுக் கேட்டபோது, "ஏலாது" என்றீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் மற்றப் பாட்டுகளைப் பாடினீர்கள். அதை மட்டும் பாடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன மாசியில் உங்கள் இதயம் நின்றது. தகன மண்டபத்தில் யாரோ அந்தக் கசெற்றைப் போட்டார்கள். உங்கள் குரல். என் பனி. மூன்று நிமிடம் பெய்தது. பக்கத்தில் இருந்தவர் பெரிய குளிர்ச்சட்டைக்குள் கொஞ்சம் பருத்திருந்தார். அவரேதான், கனடாவிலிருந்து வந்திருந்தார்.

வெளியே வந்து சிகரெட் பற்றவைத்தார். "தம்பி, இது எங்கடை அறையின்ரை பாட்டெண்டு அண்ணை எழுதியிருந்தவர். பிஸ்கற் தூளும் வருமெடா எண்டு. எத்தினை தரம் போட்டுக் கேட்டனான் தெரியுமோ? பனிதான் கொட்டுது. எங்கடை அறைக்குள்ள எங்கை பனி பெய்தது? பாட்டிலயிருந்து என்னை எடுத்துப்போட்டார் எண்டு நினைச்சன். கோவத்தில ஒரு பதிலும் எழுதேல்லை."

என்னைப் பார்த்தார். "ஏனெண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

முகவரியை ஒரு பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். அது சட்டைப்பையில் கிடக்கிறது. சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைக்கிறேன். உங்கள் தமிழ்ப் பாட்டு எந்தக் கசெற்றிலும் இல்லை. என் வாயில் மட்டும் இருக்கிறது, பனி இல்லாமல், முழுவதுமாக.

அவருக்கு மூன்று தரம் எழுதத் தொடங்கினேன். மூன்று தரமும் கடிதம் அழகாக வந்தது. கிழித்துப்போட்டேன்.

போர்வையை இப்போதுதான் உதறினேன். மேசையில் நான்காவது தாள் இருக்கிறது. பாட்டைத் தமிழில், நீங்கள் கட்டியபடியே எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே ஒரே ஒரு வரி.

பிஸ்கற்றை எடுத்தது அண்ணை இல்லை, நான்.