அக்காவின் தலைப் படம்

வாலுத்தனத்தில் என்னையே தோற்கடித்த மருமகளுக்கு, தன் பெயரைக் கேட்டாலே எட்டுத் திக்கிலும் உள்ள கம்ப்யூட்டர்கள் அணைந்து போகும் உன் தாய்மாமன் ஆசிகளோடு எழுதுவது.

உன் மாமிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரர் நாய் வாங்கியிருக்கிறார். அது குரைத்தால் பக்கத்து நாட்டில் தூங்குகிறவன் எழுந்து பல் தேய்க்கிறான்.

கவரில் ஒரு சிடி இருக்கும். உன் அம்மாவின் தலையை எடுத்த ஸ்கேன். பதறாதே, நான் பதறிவிட்டேன், குடும்பத்துக்கு ஒருவர் போதும். அடிக்கடி தலைசுற்றுகிறது என்றாள். எங்கள் ஸ்கேன் சென்டருக்கே கூட்டி வந்தேன். உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பு நிபுணர் படத்தைப் பார்த்தால்தான் ஆபரேஷனா மருந்தா என்று தெரியும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் எங்கள் டாக்டர். உன்னிடம் வாய் திறக்கக் கூடாதென்று அக்கா சத்தியம் வாங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. பேனாவைத்தான் திறந்தேன்.

படங்களை அனுப்புவது என் வேலை. எங்களுக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு மென்பொருள் இருக்கிறது. மெசேஜ் புரோக்கர் என்று பெயர். நாங்கள் கொடுப்பதை வாங்கி வரிசையில் வைத்து அவர்களிடம் சேர்க்கும். கமிஷன் கேட்காத புரோக்கர் உலகத்திலேயே இது ஒன்றுதான். ரத்தப் பரிசோதனை முடிவுகள் அதில் கொசு மாதிரிப் பறக்கின்றன. அக்காவின் படமோ பெரிய கோப்பு. பாதி வழியில் மூச்சு வாங்கி நிற்கிறது; ‘நேரம் முடிந்தது’ என்று திரையில் வருகிறது. அவளுக்குத் தலைக்கனம் என்று சின்ன வயதில் நான் சொன்னதை இப்போது கம்ப்யூட்டரே ஒப்புக்கொண்டுவிட்டது.

கோப்பின் அளவு வரம்பை ஏற்றினேன். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். அதற்குள் ஒரு யானை குட்டி போட்டு, அந்தக் குட்டி பள்ளிக்கூடம் போய்த் திரும்பலாம். அப்படியும் நடுவில் எதுவோ இணைப்பை வெட்டுகிறது. நாங்கள் ஆஸ்பத்திரியைக் கை காட்டுகிறோம், ஆஸ்பத்திரி புரோக்கர் கம்பெனியை, அந்தக் கம்பெனி எங்களை.

பிறகு துண்டு துண்டாக வெட்டி அனுப்பினேன். அத்தனையும் போய்ச் சேர்ந்தது! நான் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடியதில் அதன் கால் ஒன்று போயிற்று. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து போன். என்ன சார், ஒரே நாள்ல ஒரு ஊரையே அனுப்பிட்டீங்க, எல்லாருக்கும் ஒரே பேரு என்றார்கள். துண்டுகளை ஒட்ட அங்கே வழி கிடையாதாம். ஒவ்வொன்றும் தனி நோயாளியாகப் பதிவாகி, பழுதான படம் என்று குப்பைக்குப் போயிருக்கிறது.

திரும்பவும் முழுசாகவே போட்டேன். போய்ச் சேர்ந்ததாகப் பதில் வராவிட்டால் எங்கள் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். அப்படிப் போன வாரம் ஒரு காலையில் அக்காவின் படம் வரிசையின் முன்னால் மாட்டிக்கொண்டது. பின்னால் மற்றவர்களின் படங்கள். அதில் ஒரு கைக்குழந்தையுடையதும் இருந்தது. மேனேஜர் என் தோளில் கை வைத்து, சார், தப்பா எடுத்துக்காதீங்க, இதைத் தூக்கிட்டா மத்ததெல்லாம் போயிடும் என்றார். வேறு யார் படமாக இருந்தாலும் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். அழிக்கும் பட்டனை என் விரல்தான் அழுத்தியது. வரிசை மளமளவென்று நகர்ந்தது. வெளியே பெஞ்சில் இருந்த அக்கா, போயிடுச்சாடா என்று கேட்டாள். போயிடுச்சுக்கா என்றேன்.

சிடியைத் தபாலில் ஆஸ்பத்திரிக்கே அனுப்பலாமே என்பாய். அனுப்பினேன். பிரிக்காமலே திரும்பி வந்தது. வெளி சிடியை அவர்கள் கம்ப்யூட்டரில் போட மாட்டார்களாம். நிபுணரின் உதவியாளர் மட்டும், பேஷண்டோட பிள்ளைங்க யாராவது நேர்ல கொண்டுவந்தா டாக்டர்கிட்ட கேட்டுப் பார்க்கறேன், ஆனா உறுதி சொல்ல முடியாது என்றார். அவளுக்கு இருப்பது நீ ஒருத்தி.

நீ கோபித்துக்கொண்டு போனதும், அதன்பின் நீங்கள் இருவரும் பேசாததும் எனக்குத் தெரியாதா? தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. இரண்டு சிங்கத்துக்கு நடுவில் முயலுக்கு என்ன கருத்து இருக்க முடியும்?

என் பேச்சில் முக்கால்வாசி அளப்பு என்று நீ சொல்வாய். இது அளப்பில்லை: இந்த வாரம் அக்கா என்னைத் திட்டவேயில்லை. வேண்டுமென்றே சட்டையில் மையைக் கொட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றேன். பார்த்துவிட்டு, சரி விடு என்றாள். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சிடியை எடுத்துக்கொண்டு போ, கண்ணு. வாங்க மாட்டோம் என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடு. இத்தனை நாள் அவளோடு பேசாமல் இருந்த பிடிவாதம் உனக்கு இருக்கிறதே, அதை ஒரு நாள் அவளுக்காகச் செலவழி. நீ நூறு வயசு நன்றாயிரு. பக்கத்தில் அவளும் இருக்கட்டும்.

அன்பு மாறாத,
உன் மாமன்