மலைக்குடில் ஏட்டில் இரண்டு பெயர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். மீன் ஆலையில் பத்து நாள் விடுமுறை கொடுத்தார்கள். என்னோடு மீன் அறுக்கும் குன்வோர் தன் பழைய காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மலை, கடல், மறுபடியும் மலை. சாலையில் ஆடுகள் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். இரவிலும் பொழுது இருட்டாததால் தூக்கம்தான் சரியாக இல்லை.

நேற்று மழைக்கு ஒரு மலைக்குடிலில் தங்கினோம். அங்கே தங்குகிறவர்கள் எழுதும் ஏட்டில் பெயரையும் அடுத்துப் போகும் இடத்தையும் எழுதினேன். யாராவது காணாமல் போனால் அதைப் பார்த்துத்தானே தேடுவார்கள். என் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாதம் ஆகியும், கை பழக்கத்தில் “ஒட்னி, சீக்வர்ட்” என்று எழுதிவிட்டது.

குன்வோர் எட்டிப் பார்த்தாள். “அடிப்பாவி, உன் புருஷனைத் தேடி ஊர்ச்சனம் மலை பூரா அலையணுமா? அந்தப் பேரை அடிச்சு விடுடி.”

நான் அடிக்கவில்லை. “சரி, குடு, நான் அடிக்கிறேன்” என்று மெதுவாகச் சொன்னாள்.

பேனாவை நான் கொடுக்கவில்லை. அவர் பெயருக்கு நேரே, ‘வீடு சேர்ந்துவிட்டார், தேட வேண்டாம்’ என்று எழுதினேன்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி பின்னி அனுப்பு. அவர் கல்லறையில் நான் நட்ட செடிக்குத் தண்ணீர் ஊற்று. ஊற்றியதும் திரும்பிவிடாதே, கொஞ்ச நேரம் அங்கே நில்.

காரை ஏற்றிப்போகும் படகு வந்துவிட்டது. குன்வோர் ஹாரன் அடிக்கிறாள்.

உன் மகள்
ஒட்னி