கண்ணாடியைத் துடைத்த நேரம்

12.7.86
நாளை குற்றாலத்தில் ஃபுட்பால் ஃபைனல். குற்றாலம் டீமும் கடையம் டீமும். விசில் எனக்கு. தபால் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டே கனாக் கண்டேன் — பந்து மேலே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, இறங்கவே இல்லை. சாரல் விடவில்லை.

13.7.86, ஞாயிறு
முடிய ஐந்து நிமிஷம். ஆட்டம் சமம். கடையத்து முத்துராமலிங்கம் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? லைன்மேன் கையை விரித்தார். நான் கோல் இல்லை என்றேன். அடுத்த நிமிஷம் குற்றாலம் ஒன்று போட்டு ஜெயித்துவிட்டது.

அவன் சண்டைக்கு வரவில்லை. "அண்ணாச்சி, நீங்க பாத்தீயள்லா?" என்று மட்டும் கேட்டான்.

"பாத்தேம்லே."

ஜெயித்த டீமிலிருந்துதான் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பார்கள். அதை வைத்துத்தான் அவனுக்குப் போலீஸ் வேலை நம்பிக்கை.

14.7.86
கல்யாண வீடியோ எடுக்கிற சிவசுப்பிரமணியன் ஆட்டத்தைப் பிடித்திருக்கிறானாம். கேசட்டைப் போட்டுப் பார்க்கணும் என்று கடையத்துக்காரர்கள் மனு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்தப் பீர் மைதீன் ஊதினால் ஊதினதுதான். இனி ஒவ்வொரு கார்னருக்கும் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுப்பார்களோ?

வீட்டுக்காரி ரஹ்மத்துன்னிசா குழம்பை ஊற்றிக்கொண்டே, "போன மாசம் உலகக் கோப்பையில கையால தட்டுன கோலுக்கு, அந்த ரெஃப்ரியக் குருடன்னு ஏசுனது யாரு?" என்றாள். சோற்றைப் பிசைந்தேன். வீட்டில் ஒருத்தி போதும், டெக் எதற்கு.

17.7.86
மத்தியானம் கண் அசந்தால் பந்து சாரலுக்குள் மிதக்கிறது. வெள்ளைக்குள் வெள்ளை. நான் என்னத்தைப் பார்த்தேன்?

20.7.86, ஞாயிறு
லாட்ஜ் ஹாலில் டெக் வைத்தார்கள். பந்து கம்பத்தில் படுவது தெரிந்தது. விழும்போது லென்ஸில் தண்ணீர். பாதிப் பேர் உள்ளே என்றார்கள், மீதிப் பேர் வெளியே என்றார்கள். எனக்கு உயிர் வந்தது.

சிவசுப்பிரமணியன் திருப்பி ஓட்டினான். அப்போதுதான் பார்த்தேன் — படத்தின் ஓரத்தில் நான். தலையைக் குனிந்து, சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். வேறு யாரும் கவனிக்கவில்லை. எல்லார் கண்ணும் பந்தில்.

கமிட்டி செயலாளர் லட்சுமிநாராயணன், "கேசட்ல ஒண்ணும் தெரியல. உங்க முடிவுதான், அண்ணாச்சி" என்றார். முத்துராமலிங்கம் என்னையே பார்த்தான். சும்மா இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? எழுந்து நின்றேன்.

"நான் பாக்கல. கண்ணாடியத் தொடச்சிக்கிட்டு நின்னேன். ஓரத்துல பாருங்க."

மூன்றாம் தடவை ஓட்டினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. மறு ஆட்டம் வைப்பதாகத் தீர்மானம்.

27.7.86, ஞாயிறு
விசில் வேறொருவருக்கு. நான் சிவசுப்பிரமணியன் பக்கத்தில் நின்று காமிராவுக்குக் குடை பிடித்தேன். பந்து வெளியே போகும்போதெல்லாம் லென்ஸைத் துடைத்தேன்.

கடையம் தோற்றது. ஒன்றுக்குப் பூஜ்யம்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முத்துராமலிங்கம் என்னிடம் வந்தான். "இன்னைக்கு நல்லாத் தெரிஞ்சுது, அண்ணாச்சி. தோத்துட்டோம்" என்றான். கொஞ்ச தூரம் என்னோடு நடந்து வந்தான்.