பாஸ்போர்ட் இருக்கும் அலமாரி

மாமாவுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மீன் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

காலையில் ஸ்க்ரூடிரைவர் தேடி உன் டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். அடியில், பழைய காலண்டர் தாளில் சுற்றி, என் பி.ஏ. பட்டச் சான்றிதழ் இருந்தது.

நம் கல்யாணத்துக்குப் பிறகு நொச்சிக்குப்பத்திலிருந்து ஆதம்பாக்கத்துக்கு வீடு மாற்றியபோது அது தொலைந்துவிட்டது என்று சொன்னாய். போன வருஷம் நான் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தபோது கூடவே நின்றாய். டீகூட வாங்கிக் கொடுத்தாய். நகல் கைக்கு வருவதற்குள் நூலகவியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் போய்விட்டது. நான் அழுததைப் பார்த்து, "புக்கு அடுக்கிக்கினு இருக்க இன்னாத்துக்குடி படிப்பு?" என்று சிரித்தாய்.

இந்த வருஷத்துக்கு இன்று மதியம் விண்ணப்பித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உனக்கு துபாய் விமானம். பீரோவில் பாஸ்போர்ட்டைத் தேடாதே. நான் வேலை செய்யும் மயிலாப்பூர் நூலகத்தில், யாருக்கும் இரவல் கொடுக்காத ஒரு புத்தகத்துக்குள் இருக்கிறது. மொத்தம் நாற்பதாயிரம் புத்தகங்கள். உன்னைப் போல நான் ஒளித்து வைக்கவில்லை மாமா. எந்த விஷயத்துக்கு எந்த எண் என்று ஒரு முறை இருக்கிறது. அந்த முறைப்படி, அதற்குரிய அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். படித்தவர்களுக்கு இரண்டு நிமிட வேலை.

அந்த முறையைச் சொல்லித்தரும் நூலகவியல் படிப்பு இரண்டு வருஷம். நீயும் விண்ணப்பிக்கலாம், இந்த மாதம் முப்பதாம் தேதி கடைசி. உன் சான்றிதழ்களையாவது பத்திரமாக வைத்துக்கொள்.

இப்படிக்கு,
புக்கு அடுக்குகிறவள்